செய்னம்பு பழைய பெயரா?

பெண் பிள்ளைக்குப் பெயர் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். "இந்தப் பேரு குர்ஆன்ல இருக்கா?" என்பது ஒன்று. "இது புதுப் பேரா?" என்பது மற்றது. ஜிந்துப்பிட்டியில் நெடுங்காலம் அறபு ஓதிக் கொடுத்தவன் என்பதால் இவை என்னிடமும் வரும். இரண்டும் நல்ல எண்ணத்தில் கேட்கப்படுபவைதான். ஆனால் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கள் மூத்தம்மாமாரின் பெயர்கள் விழுந்து காணாமற் போகின்றன.

முதற் கேள்வியைப் பார்ப்போம். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பெண் ஒரேயொருவர்தான்: மர்யம் (அலை) அவர்கள். கதீஜா, ஆயிஷா, பாத்திமா என்ற பெயர்கள் குர்ஆனில் இல்லை. பிர்அவ்னின் மனைவியைப் பற்றிக் குர்ஆன் பேசுகிறது. ஆஸியா என்ற அவரது பெயரை ஹதீஸிலிருந்தே அறிகிறோம். மறுபக்கத்தில், குர்ஆனில் வருகின்ற சொல்லெல்லாம் பெயராகிவிடாது. 'லழா' என்பது காதுக்கு இனிமையான சொல். ஆனால் அது நரக நெருப்பின் பெயர்.

அப்படியானால் அளவுகோல் என்ன? பொருள்தான். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு ஆஸியா என்று பெயர் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை ஜமீலா என மாற்றினார்கள். இதைக் கேட்டவுடன், "பிர்அவ்னின் மனைவி பெயரும் அதுதானே?" என்று திகைப்பவர்கள் உண்டு. அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். மாற்றப்பட்டது 'அய்ன்', 'ஸாத்' எழுத்துகளால் வருவது. கீழ்ப்படியாதவள் என்று பொருள். பிர்அவ்னின் மனைவியின் பெயர் 'அலிப்', 'ஸீன்' எழுத்துகளால் வருவது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ஆஸியா என்ற பெயருக்குப் பயப்படத் தேவையில்லை. கீழக்கரையில் ஞானப் பாடல்கள் பாடிய ஆசியா உம்மாவும் அந்த நல்ல பெயரைத் தாங்கியவரே.

எங்கள் முன்னோர் அறபுத் தமிழில் எழுதியபோது இந்தக் குழப்பம் இருக்கவில்லை. தமிழ் வசனத்தின் நடுவிலும் அறபுப் பெயர் அதன் சொந்த எழுத்துகளிலேயே நின்றது. அந்த எழுத்து கைவிட்டுப் போன பின்னர், பொருளைக் காப்பாற்றும் பொறுப்பு எங்கள் உச்சரிப்பின் மீது வந்து விழுந்திருக்கிறது. ஹலீமா என்றால் பொறுமையும் சாந்தமும் உடையவள். 'ஹ'வை விட்டு 'அலீமா' என்று அலிபில் தொடங்கினால் அது நோவு தருவது என்ற பொருளுக்குப் போய்விடும்.

இனி இரண்டாவது கேள்வி. என் தங்கையின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, என் உம்மாவின் பெயரை வைக்கலாமே என்றேன். உம்மாவின் பெயர் செய்னம்பு. "பழைய பேரு மாமா, ஸ்கூல்ல புள்ளைய பகிடி பண்ணுவாங்க" என்றாள் மருமகள். அவள் போனில் சேர்த்து வைத்திருந்த பெயர்கள் எல்லாம் 'னா' என்றே முடிந்தன. சிலவற்றுக்கு நல்ல பொருள் இருந்தது. சிலவற்றுக்கு நான் தேடியும் வேர்ச்சொல் கிடைக்கவில்லை.

செய்னம்பு வேறொன்றுமில்லை, ஸைனப்தான். தமிழ்ச் சொல் 'ப்' என்ற வல்லொற்றில் முடியாது. ஓர் உகரம் வந்து சேரும், அதற்கு முன் ஒரு மெல்லினமும் ஒட்டிக்கொள்ளும். ஸைனப் இப்படித்தான் செய்னம்பு ஆனது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் வாழும் இடத்தின் பெயரே 'சான் தோமே' என்ற போர்த்துக்கேயப் பெயர் வாய்க்கு வாய் மாறி வந்தது என்றுதான் ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

நறுமணமுள்ள ஒரு மரத்தின் பெயர் ஸைனப் என்று அறபு அகராதிக்காரர்கள் சொல்வார்கள். நபியவர்களின் மூத்த மகளுக்கும், பாத்திமா (ரலி) அவர்களின் மகளுக்கும் அதுவே பெயர். அவர்களின் மனைவியரில் இருவர் ஸைனப். அவர்களுள் ஒருவரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கு முன்பு பர்ரா, அதாவது புண்ணியவதி, என்று பெயர். தன்னைத்தானே புகழ்வது போலிருக்கிறது என்று நபியவர்களே அதை மாற்றி ஸைனப் என வைத்தார்கள். றஸூலுல்லாஹ் தம் வாயால் வைத்த பெயரைப் பழசு என்று எப்படித் தள்ளுவது? அவர்கள் தம் மகனுக்கும் மூதாதையான இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரையே வைத்தார்கள். முன்னோர் பெயரை மீண்டும் வைப்பதற்கு இதைவிட என்ன முன்மாதிரி வேண்டும்?

பெயரோடு சேர்ந்து வருவனவற்றையும் கவனிக்க வேண்டும். கொழும்பில் பலருக்குப் பெயரின் முன்னால் 'ஸித்தி' வரும். இது சின்னம்மாவைக் குறிக்கும் தமிழ்ச் சொல் அல்ல. 'என் தலைவி' என்ற பொருளுடைய அறபு மரியாதைச் சொல். எங்கள் மலாய் அயலவர் வழங்கும் 'சித்தி'யும் இதுவே. நாச்சியா தமிழ், பீவி பாரசீக வழி, பேகம் துருக்கிய வழி. 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் பெயரில் மட்டுமே இரண்டு மொழிகளின் மரியாதை சேர்ந்திருக்கிறது. இன்றோ முன்னால் பாத்திமா என்று வைக்கிறோம். பிள்ளை பாடசாலைக்குப் போனதும் அது 'எப்.' என்ற ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. பாத்திமா என்று வைத்தால் பாத்திமா என்றே கூப்பிடுங்கள்.

அந்த முதலெழுத்து விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வாப்பாவின் பெயர் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் எழுத்தாக நின்று அடுத்த தலைமுறைக்குப் போகிறது. உம்மாவின் பெயருக்கு அந்த வழி இல்லை. வீட்டில் அவள் உம்மா, பிறகு மூத்தம்மா. பேரப்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அவளுடைய பெயரே தெரியாது. ஒரு பெண்ணின் பெயர் குடும்பத்தில் மிஞ்ச வேண்டுமானால் அதை இன்னொரு பெண் குழந்தைக்கு வைக்க வேண்டும். வேறு வழியில்லை. இதைச் சொன்னபோதுதான் மருமகள் போனைக் கீழே வைத்தாள். பிள்ளை இப்போது பத்திரத்தில் ஸைனப், வீட்டில் செய்னம்பு.

பதிவில் கவனமாக இருங்கள். ஏழாம் நாள் அகீகாவோடு பெயர் வைப்பது சுன்னத். பிறந்த அன்றே வைப்பதற்கும் ஆதாரமுண்டு. பிறப்பைப் பதிய 42 நாட்கள் இருக்கின்றன. பதிவாளரிடம் போகுமுன் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் முடிவு செய்து கொண்டு போங்கள். பத்திரத்தில் ஒரு விதம், பாடசாலையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம் என்றானால், பிறகு சத்தியக் கடதாசியோடு அலைவது அந்தப் பிள்ளைதான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. உம்மாவின் உம்மா, வாப்பாவின் உம்மா, அவர்களுடைய உம்மாமார் என்று இரு பக்கத்துப் பெண்களின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அறபு மூலம் என்ன, பொருள் என்ன என்று ஓர் ஆலிமிடம் விசாரியுங்கள். பிள்ளைக்கான பெயர் அநேகமாக அந்தத் தாளிலேயே இருக்கும்.