கிராம் கணக்கா, பிடிமானமா?

1932 ஜூனில் பாப் கிரஹாம் ஓடக் கிளம்பியபோது அவர் காலில் இருந்தது டென்னிஸ் ஷூ. வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கெஸ்விக் ஊரில் தங்கும் விடுதி நடத்தியவர் அவர். 42 மலைமுகடுகளை ஏறி இறங்கி, 23 மணி 39 நிமிடத்தில் ஊர் திரும்பினார். தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டினால் சுமார் 8,200 மீட்டர், எவரெஸ்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அதே சுற்றை 1982இல் பில்லி பிளாண்ட் 13 மணி 53 நிமிடத்தில் முடித்தார். 2018இல் ஸ்பெயினின் கிலியன் ஜோர்னெட் அதிலும் ஒரு மணி நேரம் குறைத்தார். இதற்கெல்லாம் ஷூதான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் மலையோட்டத்துக்கென்றே ஒரு தனிக் காலணி உருவானது. அதன் எடையைக் குறைக்க ஒரு போட்டியே நடந்தது.

வட இங்கிலாந்து மக்கள் தங்கள் மொட்டை மலைகளை ‘ஃபெல்’ என்கிறார்கள். ஃபெல் பந்தயங்கள் பலவற்றில் முழுக்கப் பாதை போட்டிருக்காது. இன்ன முகட்டைத் தொட வேண்டும் என்பதுதான் விதி. இடையில் எந்த வழியாகப் போவது என்பது ஓடுபவரின் பாடு. செங்குத்தான புல்சரிவு, உருளும் சரளைக்கல், நடவுக்குத் தயாரான வயல்போல் கணுக்கால்வரை இழுக்கும் சதுப்பு, பாசி படிந்த பாறை எல்லாம் ஒரே பந்தயத்தில் வரும். தார்ச்சாலை ஷூ இங்கே முதல் இறக்கத்திலேயே ஆளைக் கவிழ்த்துவிடும்.

இந்த நிலத்துக்கு ஷூ செய்து பேர் வாங்கியவர் போல்டன் நகரின் நார்மன் வால்ஷ். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் காலணி தைத்த இளம் தொழிலாளி அவர். 1961இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அடியில் கூம்புக் கூம்பாகப் பற்கள் கொண்ட வால்ஷ் ஷூக்கள் பல ஆண்டுகள் ஃபெல் ஓட்டக்காரர்களின் சீருடை மாதிரியே இருந்தன.

2003இல் வந்த இனோவ்-8 நிறுவனம் எடையையே பெயராக்கியது. அதன் முதல் ஷூ ‘மட்ராக் 290’. பின்னால் வந்து புகழ்பெற்றது ‘எக்ஸ்-டேலன் 212’. எண்கள் கிராமைக் குறிப்பவை. கடைக்குள் நுழைந்ததுமே எண்ணைப் பார்த்து ஷூவை எடுக்கும் பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது.

எடைக்கு மதிப்பில்லாமல் இல்லை. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓட்டக்காரர்களுக்குத் தெரியாமல் ஷூக்களுக்குள் ஈயக் குண்டுகளை ஒளித்துவைத்து ஓடவிட்டார்கள். ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 1 சதவீதம் கூடியது. 3,000 மீட்டர் ஓட்டத்தில் நேரமும் ஏறக்குறைய 0.8 சதவீதம் நீண்டது. மணிக்கணக்கில் ஏறுபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்தச் சோதனை நடந்தது டிரெட்மில்லிலும் தடகளப் பாதையிலும். ஈரப்பாறையில் ஒருமுறை சறுக்கி விழுந்து எழுந்தால், கிராம் கிராமாகச் சேமித்த நேரம் அத்தனையும் அங்கேயே போய்விடும். சறுக்கிவிடுமோ என்ற பயத்தில் இறக்கம் முழுக்கக் காலைத் தயங்கித் தயங்கி வைப்பவருக்கோ இழப்பு அதைவிட அதிகம். எனவே முதலில் பார்க்க வேண்டியது ஷூவின் அடிப்பக்கம், எடை பிறகு.

சேற்றுக்கும் புல்லுக்கும் 8 மில்லிமீட்டர் அளவுக்கு நீண்ட, இடைவெளி விட்ட பற்கள் வேண்டும். இடைவெளி குறைந்தால் சேறு அப்பிக்கொள்ளும், 212 கிராம் ஷூ அரைக் கிலோவாகிவிடும். கெட்டியான காட்டுப்பாதைக்கு 4 மில்லிமீட்டரே தாராளம். நீண்ட பல் பாறையில் ஆடும். பாறையில் காப்பாற்றுவது ரப்பரின் மென்மை. மென்மையான ரப்பர் நன்றாகப் பற்றும், ஆனால் சீக்கிரம் தேயும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் 2018இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ரப்பரில் கிராஃபீன் என்ற மிக உறுதியான கார்பன் பொருள் கலந்த ஷூக்களை இனோவ்-8 கொண்டுவந்தது.

தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்தப் பந்தயங்களைப் பொறுத்தவரை வீண். சதுப்பில் தண்ணீர் வருவது கணுக்கால் வழியாக, மேலிருந்து. உள்ளே வந்தது பிறகு வெளியே போகாது. நனைந்தாலும் நாலு எட்டில் நீரைப் பிழிந்து தள்ளும் மெல்லிய வலைத்துணிதான் உண்மையான எடைக்குறைப்பு.

தடித்த மெத்தை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு மணி நேரப் பந்தயத்துக்கு மெல்லிய அடியே சரி: பாதம் தரைக்கு அருகில் இருக்கும், கணுக்கால் மடங்கும் வாய்ப்பு குறையும். இரவு பகலாக ஓடும் தூரங்களில் பாதம் நொந்துபோகும். அங்கே ஐம்பது கிராம் கூடினாலும் மெத்தைக்கு இடம் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு செய்தி. பென் நெவிஸ் பந்தயம், சுமார் 14 கிலோமீட்டரில் பிரிட்டனின் மிக உயர்ந்த மலையில் ஏறி இறங்குவது. அதில் கென்னி ஸ்டூவர்ட் 1984இல் 1 மணி 25 நிமிடம் 34 நொடியில் ஓடிய சாதனை, கிராஃபீன் ஷூக்கள் வந்த பிறகும் நின்றது.

வாங்கப் போகிறவர்கள் மாலையில், பாதம் சற்று வீங்கிய நேரத்தில், பந்தயத்தில் போடும் அதே சாக்ஸுடன் கடைக்குப் போகலாம். குதிகால் அசையக் கூடாது. லேஸை இறுக்கிச் சரிவில் இறங்கிப் பார்த்தால் விரல் முன்னால் இடிக்கக் கூடாது, இடித்தால் நகம் கறுத்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் ஒரு மாதிரி அளவுக்கானது. பெரிய பாதக்காரர்கள் தங்கள் ஜோடியைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.