வாவியின் மௌனமும் கருவியின் மௌனமும்

மட்டக்களப்பு வாவியின் நாதத்தைப் படகிற் சென்று கேட்ட எமர்சன் டெனன்ட், 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இலங்கை நூலில் அதனை விரிவாக வருணித்துள்ளார். படகு சில இடங்களைக் கடந்தபோது ஒலி முற்றும் மறைந்தது. முன்னைய இடத்துக்கு மீண்டதும் உடனே கேட்டது. ஆதலின் ஒலியைப் பிறப்பிப்பவை நீரில் அலைந்து திரிவன அல்ல, ஓரிடத்தே தங்கியிருப்பன என அவர் கருதினார். பாடுவது ஊரியே என்பது அவர் கேட்ட ஊர்வழக்கு. மீனா, ஊரியா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. எனினும், டெனன்டின் கருத்துக்குச் சான்றாய் நின்றது ஒலி மட்டுமன்று, இடையிடையே நேர்ந்த ஒலியின்மையும் ஆகும்.

இக்காலத்தில் நீருள் ஒலிவாங்கியை இறக்கி, மடிக்கணினியில் அந்நாதத்தைப் பதிவது வீட்டிலிருப்போர்க்கும் இயல்வதாயிற்று. ஆனால், பதிவுசெய்யும் மென்பொருளில் ஒலி திடீரென அறுபட்டுப்போகும் குறையொன்று உண்டு. பாடகர் ஒருவரின் பாட்டில் அது நேரின் செவி உடனே உணர்ந்துவிடும். தானே விட்டுவிட்டு ஒலிக்கும் வாவி நாதத்தில் நேரின், வாவி ஓய்ந்ததோ கருவி ஓய்ந்ததோ எனத் தெரியாது. பொய்ச்சான்றொன்று பதிவினுட் புகுந்துவிடும்.

இவ்வறுபடல் நிகழுமாறு யாதெனின்: கருவியானது ஒலியலையை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகின்றது. கணினியோ பல வேலைகளுக்கிடையே அவ்வப்போதுதான் வந்து அவற்றை எடுத்துச்செல்லும். அதுவரை எண்கள் தங்குமிடம் பஃபர் எனப்படும். அதனை ஒரு குளமெனக் கொள்ளலாம். உன்னிச்சைக் குளம் மழையில்லா நாளிலும் வயலுக்கு நீர் தருவது அதன் கொள்ளளவினாலன்றோ? குளஞ் சிறிதாயின் சிறிது தடையும் தாங்காது. 256 எண்கள் கொள்ளும் பஃபர் 5.3 மில்லிநொடியில் நிரம்பிவிடும். அதற்குள் கணினி வாராதாயின் எண்கள் வழிந்தோடிவிடும், அவை மீளா. கணினியின் உழைப்பு நூற்றுக்கு இருபதே என அளவி காட்டினும் அதனை நம்புதல் கூடாது. அது சராசரி, அறுபடலுக்கோ ஒரு கணத் தாமதமே போதும்.

எனவே, முதலில் ஆராயவேண்டுவது பழுது எங்குள்ளது என்பதாம். பதிவைப் பன்முறை இயக்குக. ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் அறுபடின் பழுது கேட்பித்தலில் உள்ளது; பதிவு குற்றமற்றது. ஒரே இடத்தில் அறுபடின் அவ்விடத்து அலைவடிவைப் பெரிதாக்கி நோக்குக. வாவி ஓய்ந்த வேளையிலும் அலையின் சலசலப்பும் தொலைவிலோடும் இயந்திரப்படகின் முழக்கமும் மெல்லிய கோடாய் நடுங்கிக்கொண்டிருக்கும். இயற்கையின் மௌனம் ஒருபோதும் நேர்கோடாகாது. நேர்கோடு தோன்றினும், கோடு படிபோற் சட்டெனத் தாவினும் கருவியையே ஐயுறல் வேண்டும். எண்கள் தொலைந்தபின் இருமுனைகளும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதனையறியக் கடிகாரம் உதவும். பத்து நிமிடப் பதிவில் 2,88,00,000 எண்கள் இருத்தல் வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் கடிகாரம் பார்த்துக் கைதட்டிவைத்தால், கோப்பிற் குறைந்துள்ள காலம் புலப்படும்.

மற்றொரு காரணம் சற்று நகைப்புக்குரியது. மனிதப் பேச்சைத் தெளிவாக்கவென்று பல கணினிகளில் இரைச்சல் நீக்கும் வசதி அமைக்கப்பட்டுள்ளது. வாவியின் நாதம் அதற்கு இரைச்சலே! நாதத்தைத் துடைத்தெறிந்துவிட்டுத் தன் கடமையைச் செய்ததாக அது அமைந்துவிடும். அதனை நிறுத்துவதே முதல் வேலை.

அடுத்துப் பஃபரை 1,024 ஆக உயர்த்தலாம், அப்பொழுது 21.3 மில்லிநொடி அவகாசங் கிடைக்கும். கூத்துப் பாடகர் மத்தளப் பதிவைச் செவியிற் கேட்டவாறே தம் குரலும் கணினிவழித் திரும்பக் கேட்டுப் பாடுவாராயின் இவ்வளவு ஆகாது. உட்செல்லவும் வெளிவரவுமாகத் தாமதம் இரட்டித்து, தாளம் வழுவும். அங்கு 128 போன்ற சிற்றளவே வேண்டும். வாவிக்கோ எவரும் பின்பாட்டுப் பாடுவதில்லை. ஆதலின் இங்குப் பெரிய பஃபரால் தீங்கில்லை.

பின்னும் குறை நீங்காதாயின், வைஃபையை அணைத்தல், மின்சேமிப்பு முறையை நீக்குதல், ஒலிக்கருவியை யூஎஸ்பி கிளைப்பெட்டியின்றி நேரே கணினியிற் செருகுதல், கருவியும் மென்பொருளும் ஒரே வீதத்தில் உள்ளனவா எனப் பார்த்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பதிந்து பார்த்தல் நலம். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் குறை நீங்கலாம், காரணம் விளங்காது. படகிற் செல்லுமுன் இவை வீட்டிலேயே முடிதல் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் ஓரிடத்தில் அறுபட்டிருப்பின், இசைத்தட்டுக்காரர் செய்வதுபோல அருகிலுள்ள ஒலியை வெட்டி அங்கு ஒட்டலாகாது. அறுபட்ட நிமிடத்தையும் நொடியையும் பதிவேட்டிற் குறித்து, அவ்விடத்தை வெறுமையாகவே விட்டுவைத்தல் வேண்டும்.