கை மறக்காதது: நினைவின் இரு வழிகள்

அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953இல், கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் நடந்தவை ஏறக்குறைய எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. சிறுவயது நினைவுகள் இருந்தன. சொன்ன எண்களைச் சில நொடிகள் மனத்தில் வைத்திருக்கவும் முடிந்தது.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். மூன்று நாட்களில் கை நன்றாகப் பழகிவிட்டது. முன்பு வரைந்ததோ மொலைசனுக்கு நினைவில்லை.

நினைவு ஒரே வகையானது அல்ல என்பது இதனால் தெளிவானது. நிகழ்ச்சிகளும் தகவல்களும் மனத்தில் நிலைக்க ஹிப்போகாம்பஸ் தேவை. சைக்கிள் ஓட்டுவது போன்ற பழக்கங்களை மூளையின் வேறு பகுதிகள் காக்கின்றன.