ஓலைக் குடிசையில் பிறந்த ஓவியக் கூடம்!
கடற்கரை மணலில் கை உழைப்பால் எழுந்த கிராமம் - 2009-ல் புதுக்கோலம் பூண்ட கதை

சென்னை,

ஈ.சி.ஆர். ரோட்டில் விபத்து என்று ஆபீசுக்கு போன் வந்தால் முதலில் ஓடுவது அடியேன்தான். திருவான்மியூர் தாண்டி, பாலவாக்கம், நீலாங்கரை என்று ஒவ்வொரு நிறுத்தமும் எனக்கு ஏதாவது ஒரு கேஸை ஞாபகப்படுத்தும்.

ஈஞ்சம்பாக்கத்தில் ‘சோழமண்டலம் ஓவியர் கிராமம்’ என்ற பலகையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. நமக்கு எதற்கு என்றுதான் நினைப்பு. சற்றுத் தள்ளி உள்ள வி.ஜி.பி. கடற்கரைப் பூங்காவுக்கு எல்லோரும் போயிருப்போம். சிரிக்காமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க எல்லோரும் பல்லை இளித்திருப்போம். ஆனால் நிஜச் சிலைகள் நிற்கும் இந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நம்மில் எத்தனை பேர்?

அன்று லாரி மோதிய கேஸ் ஒன்றுக்குப் போயிருந்தேன். போலீஸ் வர நேரமாகும் என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மர நிழல் தெரிந்ததால் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

“உள்ள போலாமாண்ணே?” என்று காவலாளியிடம் கேட்டேன்.

“போங்க தம்பி. படம் பாக்கத்தானே தொறந்து வெச்சிருக்கு? பயந்துக்கினே எல்லாரும் வெளியவே நின்னுட்டுப் போயிடறாங்க” என்றார்.

அரை மணி நேரம் என்று நுழைந்தவன் வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று!

தந்தி இலாகா குமாஸ்தா!

இந்தக் கிராமத்தின் கதை பெரியமேட்டில் ஆரம்பிக்கிறது. சென்ட்ரலில் இருந்து எழும்பூர் பக்கம் போகும்போது சிவப்புச் சுவரோடு ஓவியக் கல்லூரி ஒன்று தெரியுமே, அதுதான். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கும் ‘உழைப்பாளர் சிலை’யைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி அங்கேதான் முதல்வராக இருந்தார்.

அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோவையில் பிறந்தவர். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு இன்சூரன்ஸ் வேலை. குடும்பத்துக்காகப் பைலைச் சுமந்த மனிதர், 25 வயதில் வேலையை உதறிவிட்டு ஓவியப் பள்ளியில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். 1957-ல் அதே இடத்தில் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார்!

நாற்காலி கிடைத்தும் அவருக்கு நிம்மதி இல்லை. படித்து முடித்து வெளியே போகும் பையன்கள் என்ன ஆகிறார்கள்? ஸ்கூலில் டிராயிங் வாத்தியார் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். சிலருக்கு நெசவாளர் சேவை மையத்தில் சேலைக்கு டிசைன் போடும் வேலை. மற்றவர்களுக்குக் காலண்டர், விளம்பரப் பலகை. படம் வரைந்து பிழைக்க முடியுமா என்றால், வாங்க ஆளில்லை. திறமைசாலிகள் பலர் தூரிகையைப் பரணில் போட்டுவிட்டுச் சம்பளத்துக்குப் போனார்கள்.

யாராவது உதவி செய்வார்கள் என்று காத்திருந்தால் கதை நடக்காது என்று பணிக்கர் முடிவு கட்டினார். மாணவர்களையும் சக ஓவியர்களையும் கூட்டி ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். திட்டம் ரொம்ப சிம்பிள். கொஞ்ச நேரம் கைத்தொழில். அதில் வரும் காசில் சாப்பாடு. மிச்ச நேரம் இஷ்டப்படி ஓவியம்!

மெழுகு கொடுத்த மனை

அவர்களுக்குச் சோறு போட்டது பாத்திக் துணி. அதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா?

முதலில் பருத்தித் துணியில் உள்ள கஞ்சி போகும்படி அலசிக் காய வைப்பார்கள். மேலே பென்சிலால் படம் போடுவார்கள். மெழுகை உருக்கி, சாயம் ஏறக்கூடாத இடத்தில் எல்லாம் பிரஷ்ஷால் தடவுவார்கள். பிறகு துணியைச் சாயத் தொட்டியில் முக்கினால், மெழுகு பூசாத இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கும். சாயம் சூடாக இருக்கக் கூடாது. இருந்தால் மெழுகு கரைந்து காரியம் கெட்டுவிடும்.

முதலில் மஞ்சள் போன்ற வெளிர் நிறம். அது காய்ந்ததும் மறுபடி மெழுகு, அடுத்துச் சிவப்பு. மறுபடி மெழுகு, கடைசியில் நீலமோ கறுப்போ. எல்லாம் முடிந்ததும் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்பு நரம்பாகக் கோடு விழும். அந்தக் கோடுதான் பாத்திக்குக்கு அடையாளம். எந்த இரண்டு துணியிலும் அது ஒரே மாதிரி விழாது.

பாத்திக் மட்டும் அல்ல. தோல் வேலை, மண் வேலை, உலோக வேலை என்று கைக்கு வந்ததை எல்லாம் செய்தார்கள். கண்காட்சி வைத்து விற்றார்கள். பணம் சேர்ந்தது. 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் மணல் காட்டை வாங்கினார்கள். மொத்தமே பத்து ஏக்கருக்குள்தான். ஊரில் இருந்து வெகு தூரம், சவுக்கு மரங்கள், காற்று, கடல். மின்சாரம் கிடையாது. ஓலைக் குடிசைகள் போட்டுக்கொண்டு குடியேறினார்கள்.

சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் வாயில் ‘கோரமண்டல்’ ஆன அதே பெயர்தான். ஓவியர்களும் சிற்பிகளுமாக 30 பேருக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு மனை, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக வேலைக்கூடமும் காட்சிக்கூடமும். பணிக்கர் அப்போதும் கல்லூரி முதல்வர்தான். மறு வருஷம், 1967-ல், ஓய்வு பெற்றார்.

‘நாலு மாசம் தாங்காது, மூட்டை கட்டிவிடுவார்கள்’ என்று சொல்ல ஊரில் ஆள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் மூட்டை கட்டவில்லை. ஜே.சுல்தான் அலி, கே.வி.ஹரிதாசன், எஸ்.ஜி.வாசுதேவ், எம்.சேனாதிபதி, பி.கோபிநாத் என்று இந்த மணலில் வேலை செய்தவர்களின் பெயர் வெளிநாடு வரைக்கும் போயிற்று.

புதுப்பிக்க வேண்டிய கட்டாயம்!

கடலோரத்தில் வீடு கட்டியவர்களிடம் கேட்டால் உப்புக் காற்றைப் பற்றிக் கண்ணீர் விட்டுச் சொல்வார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும். வீங்கினால் கூரையில் விரிசல் விழும். விரிசல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். சுவர் ஓதம் காக்கும், சுண்ணாம்பு உதிரும்.

அந்தச் சுவரில் ஓவியம் மாட்டினால் என்ன ஆகும்? கான்வாஸில் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் வரைந்ததைப் பூச்சி அரிக்கும். நேர் வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். இரும்புச் சிற்பம் துரு ஏறும், தாமிரம் பச்சை பூக்கும். ஓவியத்தைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் கட்டடத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பணிக்கர் 1977-ல் காலமானார். சுல்தான் அலி 1990-ல் போனார். ஒருவர் இறந்தால் அவர் வரைந்த படங்கள் எங்கே போகும்? பிள்ளைகள் வீட்டுக்குக் கொஞ்சம், வாங்குபவர் பங்களாவுக்குக் கொஞ்சம், ஏலத்துக்குக் கொஞ்சம் என்று திசைக்கொன்றாகப் போய்விடும். பிறகு, சென்னையில் இப்படி ஓர் ஓவியர் கூட்டம் இருந்தது என்று காட்ட என்ன இருக்கும்?

இதற்கிடையில் மணல் காட்டை ஒட்டிப் போன ரோடு அகலமாகி ஈ.சி.ஆர். ஆயிற்று. பங்களாவும் ஓட்டலும் முளைத்தன. நிலத்தின் விலை எகிறியது. 2011-ல் ஈஞ்சம்பாக்கமே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட ரோட்டோரத்தில் பொது இடம் கையில் இருந்தால் சாதாரண மனிதன் என்ன கணக்குப் போடுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. சிவில் கோர்ட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும்!

இவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள்.

2009 பிப்ரவரியில் திறப்பு

பொதுக் காட்சிக்கூடத்தைப் புதுப்பித்து, பெரிதாக்கி, 2009 பிப்ரவரியில் ‘சோழமண்டலம் தற்காலக் கலை மையம்’ என்று திறந்தார்கள். இதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் பணிக்கரின் மகன் எஸ்.நந்தகோபால். தாமிரத் தகட்டை வெட்டி, அடித்து, பற்றவைத்துச் சிற்பம் செய்தவர். கோவிலில் சாமிக்குக் கவசம் சாத்துகிறார்களே, அந்த வேலையின் வாடை அவர் சிற்பத்தில் அடிக்கும். அவரும் 2017-ல் காலமாகிவிட்டார்.

மையத்தில் முக்கியமானது ‘சென்னைக் கலை இயக்க’ மியூசியம். பணிக்கர் முதல் அவர் காலத்து ஓவியர்கள், சிற்பிகள் பலரது படைப்புகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இவை விற்பனைக்கு அல்ல. பார்ப்பதற்கு மட்டும்.

மற்ற இரண்டு கூடங்களுக்கு ‘லேபர்னம்’, ‘இண்டிகோ’ என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் கொன்றை, அவுரி. இவை வெளி ஓவியர்கள் கண்காட்சி நடத்த வாடகைக்குக் கிடைக்கும். ஒரு பக்கம் வாடகைக்கு விட்டால் மறுபக்கத்தை விற்காமல் வைத்திருக்கலாம். தெரு முனையில் கடை கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் பரம்பரை வீட்டைக் காப்பாற்றுகிறார்களே நம்ம ஊர் ஆட்கள், அதே வழிதான்.

போலி வந்தால்...

கிரைம் நிருபர் புத்தி எங்கே போகும்? எனக்கு இன்னொன்றும் தோன்றியது.

செத்துப்போன ஓவியர் ஒருவரின் படம் லட்சக்கணக்கில் விலை போகிறது என்று தெரிந்தாலே போதும், போலிக் கூட்டம் கிளம்பிவிடும். கையெழுத்தைக் காப்பி அடித்து, காகிதத்தை டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்கி, ஏமாந்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். அப்போது எது அசல், எது போலி என்று எதை வைத்து ஒத்துப் பார்ப்பது? ஓவியரின் சக தோழர்களே பாதுகாத்து வைத்த அசல் கண் முன்னால் இருந்தால் கோடு, சாயம், கை வேகம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கைரேகைக்கு ஒரு ஆபீஸ் இருப்பது போல ஓவியத்துக்கும் ஓர் இடம் வேண்டாமா?

‘இது எனக்குப் புரியுதே!’

ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பத்தாவதோடு டிராயிங் நோட்டை மூடியவன். மாடர்ன் ஆர்ட் என்றால் புரியாத கிறுக்கல் என்றுதான் நானும் கேலி பேசியிருக்கிறேன்.

ஆனால் பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசைப் படங்கள் முன்னால் நின்றபோது கால் நகரவில்லை. 1963-ல் இருந்து அவர் வரைந்த வரிசை அது. கட்டம் கட்டமாகக் கோடு. அதற்குள் எழுத்து போல, கணக்கு போல, நுணுக்கி நுணுக்கி ஏதேதோ. நடு நடுவே பறவை, மீன் மாதிரி உருவங்கள். படிக்கப் பார்த்தால் படிக்க வராது.

எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். சட்டென்று பிடிபட்டது. ஜாதகக் கட்டம்! எங்கள் வீட்டு மரப்பெட்டியில் தாத்தா காலத்து ஓலை ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் யாரும் தூக்கி எறியவில்லை. ஆடிக்கு ஒரு தடவை தூசி தட்டி, மஞ்சள் துணியில் சுற்றி மறுபடி வைப்பார் அம்மா. அந்த ஓலையைப் பார்க்கும்போது வரும் அதே உணர்ச்சி இங்கேயும் வந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற சிறு பெண், “அப்பா, இது நம்ம சாமி ரூம் பேப்பர் மாதிரி இருக்குப்பா” என்றாள். அப்பா முழித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வெளியே மரத்தடிகளில் கல் சிற்பங்கள் நிற்கின்றன. தொட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஒரு கல்லின் மேல் அணில் பிள்ளை உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தது.

அடுத்து யார்?

கட்டடம் புதிதாகிவிட்டது. ஆனால் 1966-ல் குடிசை போட்டவர்களுக்குப் பதிலாக 20 வயதுப் பிள்ளைகள் வருகிறார்களா? அன்று கைத்தொழில் செய்து மனை வாங்க முடிந்தது. இன்று இந்த ரோட்டில் பாத்திக் விற்ற காசில் ஒரு சென்ட் கூட வாங்க முடியாது. ஓவியம் படித்த பிள்ளை ஒண்டிக்கொள்ள இடம் வேண்டும் என்ற பழைய பிரச்சினை இன்றும் அப்படியே இருக்கிறது. பணிக்கர் தம் காலத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தக் காலத்துக்கான வழியை இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி ஆரம்பித்தார்கள் என்று பார்க்கவாவது அந்தக் கூடம் திறந்திருக்கிறது.

கேட்டருகே காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னா தம்பி, ஆக்சிடெண்ட் பாக்க வந்தேன்னு சொன்னே, போலீஸ்காரங்க வந்துட்டுப் போயி ரொம்ப நேரம் ஆச்சே!” என்றார்.

ஸ்டேஷனுக்கு ஓடி, விவரம் வாங்கி, அன்று மாலைப் பதிப்புக்கு லாரி விபத்து நாலு வரி கொடுத்தேன். லேட் ஆனதற்கு ஆசிரியரிடம் திட்டும் வாங்கினேன். “எங்கய்யா போன இவ்வளவு நேரம்?” என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.