கூந்தலை நேராக்கும் இரசாயனங்கள்

தவளை, ஓணான், பாம்புக் குட்டி முதலியவற்றை அழுகாமல் வைத்திருக்கும் கண்ணாடிக் குப்பிகளை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் அறிவர். மூடியைச் சற்றே திறந்தாலும் கண்ணில் நீர் வரும், தொண்டை கமறும். அக்குப்பிகளில் இருப்பது பார்மலின் கலந்த நீர். பார்மால்டிஹைடு என்னும் வாயுவை நீரில் ஏறக்குறைய 37 சதவிகிதம் கரைத்தால் கிடைப்பதே பார்மலின். சுருட்டை மயிரை நேராக்கிப் பளபளப்பூட்டும் சிகிச்சையின்போது இதே வாயு அழகு நிலையங்களின் அறைக் காற்றிலும் கலக்கக் கூடும். சோதனைச்சாலையில் குப்பியைத் திறந்தவர் உடனே மூடிவிடுகிறார். அழகு நிலையத்தில் பணியாற்றும் பெண்ணோ, குளிர்சாதனத்திற்காகக் கதவடைத்த அறையில், ஒரு தலைக்கு இரண்டு மூன்று மணி நேரம் சூட்டுக் கருவியைக் கையிற் பிடித்தபடி நிற்கிறார். அடுத்த தலைக்கும் அவரே நிற்க வேண்டும்.

இந்தச் சிகிச்சை இன்று பெருநகரங்களோடு நிற்கவில்லை. சிற்றூர்ப் பேருந்து நிலையத்தை அடுத்த கடைகளிலும் நடைபெறுகிறது. அழகுக் கலை, தொழிற் பயிற்சி நிலையங்களில் ஒரு பாடப் பிரிவாகவே கற்பிக்கப்படுகிறது. பயிற்சி பெறும் பெண்களோடு பழகும் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் இதன் இரசாயனத்தைச் சிறிதேனும் அறிந்திருப்பது நல்லது.

தோலுக்கு வெளியே தெரியும் மயிரிழை உயிரற்றது. உயிர் இருப்பது தோலுக்குள் உள்ள மயிர்க்காலில் மட்டுமே. இழை முழுவதும் பெரும்பாலும் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகம், கொம்பு, ஆட்டு ரோமம் ஆகியவையும் அப்புரதமே. 1930-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் லீட்ஸ் சர்வகலாசாலையில் ஆஸ்ட்பரி என்னும் அறிஞர் ரோம இழைகளை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, இழையை நீட்டும்போது அதன் மூலக்கூறு அமைப்பே மாறுவதைக் கண்டார். அந்த மூலக்கூறு சுருள் ஏணி போன்ற வடிவுடையது என்பதை 1951-இல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் விளக்கினர்.

இச்சுருள்களை ஒன்றோடொன்று கட்டி வைக்கும் பிணைப்புகளில் இரண்டு வகை நமக்கு முக்கியம். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. இது வலுவற்றது, நீர் பட்டாலே விடுபடும். மற்றது கந்தகப் பிணைப்பு. இது நீருக்கும் சாதாரணச் சூட்டுக்கும் எளிதில் அசையாது. மயிர் கருகும்போது எழும் துர்நாற்றத்திற்கு இக்கந்தகமும் ஒரு காரணமாகும்.

முதல் வகையை வகுப்பறையிலேயே காட்டலாம். நனைந்த மயிரிழை ஒன்றைப் பென்சிலில் சுற்றி உலரவிட்டு எடுத்தால் அது சுருளாகவே நிற்கும். கொதிக்கும் நீரின் ஆவியில் காட்டினால் சிறிது நேரத்தில் பழைய வடிவிற்குத் திரும்பிவிடும். காற்றின் ஈரத்திற்கேற்ப மயிர் நீண்டு சுருங்கும் இந்த இயல்பைக் கொண்டே ஜினீவா நகரத்து ஸோஸ்யூர் 1783-இல் மயிர் ஈரமானியைப் பற்றி எழுதினார். வானிலை நிலையங்களில் அது நெடுங்காலம் பயன்பட்டது. காலையில் சூட்டுக் கருவியால் நேராக்கிய கூந்தல் மழைக்காலத்து மாலையில் மீண்டும் சுருளுவதும் இதே காரணத்தால்தான்.

மாதக் கணக்கில் நேராக நிற்க வேண்டுமானால் இரண்டாம் வகைப் பிணைப்பில் கை வைக்க வேண்டும். 'ரிபாண்டிங்' என்று கடைப் பலகைகளில் காணும் முறை இதுவே. தையோகிளைகாலிக் அமிலத்தின் உப்பு கலந்த களிம்பு கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது. பின்னர் மயிரை அலசி, உலர்த்தி, சூட்டுத் தகடுகளுக்கிடையே இழுத்து நேராக்குகிறார்கள். இறுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருளைத் தடவ, அறுந்த பிணைப்புகள் புதிய இடங்களில் மீண்டும் சேர்கின்றன. ரிபாண்டிங் என்ற சொல்லுக்கு மறுபிணைப்பு என்றே பொருள். வியாபாரப் பெயர்களில் இவ்வளவு நேர்மையான இரசாயனப் பெயர் அபூர்வம். ஆனால் அறுந்தவை அனைத்தும் மீண்டும் சேர்வதில்லை. ஆகவே இழை முன்னிருந்த வலுவை இழக்கிறது. களிம்பை மிகுநேரம் வைத்தால் மயிர் ரப்பரைப் போல இழுபட்டு அறும்.

'கெராட்டின் சிகிச்சை' என்ற பெயருக்கு அத்தகைய நேர்மை கிடையாது. மயிரை நேராக நிறுத்துவது அதிலுள்ள கெராட்டின் அன்று. பிரேசில் நாட்டிலிருந்து பரவிய இம்முறையில், பிணைப்புகளை அறுப்பதற்குப் பதிலாக, பார்மால்டிஹைடைக் கொண்டு புரதச் சுருள்களுக்கிடையே புதிய பாலங்கள் போடப்படுகின்றன. இதற்குக் கருவியின் தகடு ஏறக்குறைய 230 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கப்படுகிறது. அச்சூட்டில் மருந்திலுள்ள பார்மால்டிஹைடின் ஒரு பகுதி வாயுவாக வெளியேறுகிறது. பிரேசில் அரசாங்கமே 2009-இல் மருந்துக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் பார்மலின் விற்பதைத் தடை செய்ய நேர்ந்தது.

2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடந்தது இத்துறையில் பலருடைய கண்களைத் திறந்தது எனலாம். அழகு நிலையப் பணியாளர்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் தொல்லையும் ஏற்படுவதாக முறையிட்டனர். அவர்கள் உபயோகித்த மருந்தின் புட்டியில் 'பார்மால்டிஹைடு அற்றது' என்று அச்சிட்டிருந்தது. மாநிலத் தொழிற் பாதுகாப்புத் துறை மாதிரிகளைச் சோதித்தபோது சராசரியாக 8 சதவிகிதத்திற்கும் மேல் பார்மால்டிஹைடு இருந்தது. அடுத்த ஆண்டு மத்திய உணவு மருந்து நிர்வாகமும் உற்பத்தியாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

உற்பத்தியாளர் சொன்ன சமாதானம் வேடிக்கையானது. பார்மால்டிஹைடு நீரில் கரைந்ததும் நீரோடு சேர்ந்து மெதிலின் கிளைகால் என்னும் பொருளாகிறது. ஆகவே புட்டியில் இருப்பது வேறு பொருள் என்பதே அவர்கள் வாதம். சூடு பட்டதும் அது மீண்டும் பார்மால்டிஹைடாகப் பிரிந்து மூக்கில் ஏறுகிறது. சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடாது. பட்டியலில் மெதிலின் கிளைகால், மெதனால், பார்மலின் என்ற பெயர்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. அமெரிக்கத் தொழிற்கூட விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் காற்றின் பத்து லட்சம் பங்கில் இதன் சராசரி அளவு 0.75 பங்கிற்கு மேற்படலாகாது. இந்த வாயுவின் நெடி மூக்கிற்குப் பழகிவிடும். 'முதலில் எரிந்தது, இப்போது ஒன்றும் தெரியவில்லை' என்று பணியாளர் சொல்வாராயின், வாயு போய்விட்டதென்று கருதக் கூடாது.

பார்மால்டிஹைடிற்கு எதிர்ப்பு எழுந்தபின் கிளையாக்ஸாலிக் அமிலம் அதன் இடத்திற்கு வந்தது. இது தீங்கற்றது என்றே பலரும் எண்ணினர். 2024-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட விவரம் அவ்வெண்ணத்தை அசைத்தது. ஓர் இளம் பெண்ணுக்கு 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், கூந்தலை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் திடீரெனப் பழுதுற்றது. உபயோகித்த களிம்பில் பார்மால்டிஹைடு இல்லை; கிளையாக்ஸாலிக் அமிலம் 10 சதவிகிதம் இருந்தது. அதே களிம்பைச் சுண்டெலிகளின் தோலில் தடவியபோது அவற்றின் சிறுநீரகங்களில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் தோன்றின. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலும் காணப்படும் அதே பொருள்தான். தோலின் வழியே உட்புகுந்த அமிலம் உடலில் ஆக்ஸலேட்டாக மாறுகிறது. இஸ்ரேல் மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகள் 26 பேரைப் பற்றி 2023-இல் எழுதியிருந்தனர்.

சிகிச்சைக்குப் பின் சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ வாந்தி, வயிற்று வலி, இடுப்பு வலி, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தலைக்கு என்ன மருந்து போட்டார்கள் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்; கேட்டாலன்றி எவரும் வயிற்று வலியையும் கூந்தலையும் தொடர்புபடுத்திச் சொல்ல மாட்டார். சுகாதார ஊழியர்கள் இக்கேள்வியை வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

கருப்பைப் புற்றுநோயைப் பற்றியும் ஒரு செய்தி பரவியிருக்கிறது. அமெரிக்காவில் 33,000-க்கு மேற்பட்ட பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்த ஆராய்ச்சி 2022-இல் வெளிவந்தது. நேராக்கும் மருந்துகளை ஒருபோதும் உபயோகிக்காதவர்களில் 70 வயதிற்குள் இந்நோய் கண்டிருக்கக் கூடியவர்கள் நூற்றுக்கு 1.64 எனவும், ஆண்டில் நான்கு முறைக்கு மேல் உபயோகித்தவர்களில் 4.05 எனவும் அது கணக்கிட்டது. எந்த மருந்து, எந்தப் பொருள் என்பதை அவ்வாராய்ச்சி பிரித்தறியவில்லை. எனவே காரணம் நிலைநாட்டப்பட்டதாகச் சொல்வதும் தவறு. வெறும் வதந்தி என்று தள்ளுவதும் தவறு.

பணியிடத்தில் செய்யத்தக்கது, காற்றைப் புதுப்பிப்பதே. குளிர்சாதனம் பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. சன்னலைத் திறந்து, வாயுவை வெளியே தள்ளும் விசிறியை வேலை நடக்கும் நாற்காலியின் அருகிலேயே பொருத்த வேண்டும். துணி முகமூடி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கையுறை அவசியம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும், பணியாளராயினும் வாடிக்கையாளராயினும், அந்த அறையை விட்டு விலகியிருத்தல் வேண்டும். உற்பத்தியாளர் முகவரியும் தொகுதி எண்ணும் பொருள்களின் பட்டியலும் அச்சிடப்படாத புட்டியை வாங்கவே கூடாது. பெரிய டப்பாவிலிருந்து சிறு டப்பாவில் மாற்றி விற்கும் களிம்பும் அத்தகையதே.

தலையில் புண், சிரங்கு, சொறிந்த காயம் இருப்பின் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும். களிம்பு மயிரின் அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டே தடவப்பட வேண்டும். எரிச்சல் கண்டால், 'பொறுத்துக்கொள்ளுங்கள், இப்படித்தான் இருக்கும்' என்று சொல்லாமல் உடனே ஏராளமான நீரால் அலச வேண்டும். உலோக உப்புகள் கலந்த சாயம் பூசிய மயிரில் பெராக்சைடு பட்டால் சூடேறி மயிர் கருகவும் கூடும். ஆகவே முன்பு என்ன சாயம் போட்டார் என்று கேட்டறிந்து, ஒரே ஒரு கற்றையில் சோதித்துப் பார்ப்பது முறை.

சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்கள் கூந்தலை இறுக்கிப் பின்னுவதையும் நனைப்பதையும் தவிர்க்கச் சொல்வது வழக்கம். அதன் பின்னரும் நனைந்த மயிரை நெருங்கிய பற்களுள்ள சீப்பால் இழுத்தல் ஆகாது. ஈரத்தில் இழை மிகவும் வலுக்குன்றியிருக்கும். ஈர மயிரில் சூட்டுக் கருவியை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி இழையில் குமிழ்களை உண்டாக்கும். எண்ணெயைப் பொறுத்தவரை நம் வீட்டு வழக்கம் சரியானதே. 2003-இல் வெளியான மும்பை ஆராய்ச்சியொன்றில், தேங்காயெண்ணெய் இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைப்பது தெரியவந்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் எண்ணெய்க்கும் அத்தன்மை காணப்படவில்லை.

மயிர் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. புதிதாக வளர்வது பழைய சுருளோடேயே வளரும். ஆறு மாதத்தில் மேலே ஆறு சென்டிமீட்டர் சுருளும், கீழே நேரான கூந்தலுமாகத் தோன்றும்போது மீண்டும் களிம்பு போடும் ஆசை எழுவது இயல்பு. அப்போது புதிய பகுதிக்கு மட்டுமே போட வேண்டும். ஏற்கெனவே மருந்துண்ட பகுதியில் மறுமுறை பட்டால், இரண்டும் சந்திக்கும் அந்த எல்லையிலேயே இழை ஒடிந்து சீப்போடு வரும்.