காரும் இளைக்க வேண்டுமாம்!

உடம்பு இளைக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கார் இளைக்க வேண்டும் என்பதற்காக, அதன் பின் ஸீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டுவிட்டு, "எத்தனை கிலோ குறைந்தது தெரியுமா!" என்று குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவன் இருக்கக்கூடும். பிள்ளை இல்லாவிட்டால் பிள்ளையின் தகப்பனார்! இந்த மோகத்துக்கு வயது வித்தியாசம் கிடையாது.

செம்பரம்பாக்கத்தில் நின்று பார்த்தால் இதற்குக் காரணம் ஓரளவு விளங்கிவிடும். தெற்கே ஏரி, பக்கத்திலேயே பெங்களூர் நெடுஞ்சாலை. அதே சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த பந்தயப் பாதை. தென்மேற்கே ஒரகடம், 2010-ல் நிஸ்ஸானும் ரெனோவும் சேர்ந்து கார் தொழிற்சாலை தொடங்கிய ஊர். வடமேற்கே திருவள்ளூர். அங்கேதான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1998-ல் ஜப்பானிய மிட்ஸுபிஷியின் 'லான்ஸர்' காரை உருவாக்கி விற்க ஆரம்பித்தது. அம்பாஸடர் செய்த அதே கம்பெனிதான்!

அந்த லான்ஸர்தான் இன்று பல பிள்ளைகளின் கனவு. பார்த்தால் நாலு கதவு உள்ள சாதுவான குடும்பக் கார். ஆனால் குலம் கோத்திரம் பெரிது. 1974-ம் வருஷம் கிழக்கு ஆப்பிரிக்க 'ஸஃபாரி' பந்தயத்தில், சேறும் புழுதியுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, 1600 சி.சி. எஞ்சின் வைத்த சின்னஞ்சிறு லான்ஸர் முதலாவதாக வந்தது. இரண்டாவதாக வந்தது ஜெர்மன் 'போர்ஷே' என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஓட்டியவர் யார் தெரியுமா? ஜோகிந்தர் சிங். கென்யாவில் பிறந்து வளர்ந்த சீக்கியர். 1976-லும் லான்ஸரிலேயே ஜெயித்தார். அதற்கு முன்பு 1965-ல் அவர் முதல் முறை ஜெயித்த கதை இன்னும் ஸ்வாரஸ்யமானது. அது புதுக் கார் அல்ல. முந்தின வருஷம் வேறொருவர் பந்தயத்தில் ஓட்டிய பழைய வால்வோ. அதை வாங்கிச் செப்பனிட்டு, தம்பி ஜஸ்வந்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டி வெற்றி பெற்றார்.

நிஸ்ஸான் குலத்திலும் ஓர் அழகி உண்டு. 1969-ல் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் 'ஃபேர்லேடி இஸட்' என்று பெயர். அமெரிக்காவில் அந்த வியாபாரத்தைக் கவனித்து வந்த யுடாகா கடயாமா, இந்தப் பெயர் அங்கே எடுபடாது என்று எண்ணி '240 இஸட்' என்றே விற்றார். (அவர் 105 வயது வாழ்ந்து 2015-ல் காலமானார். வேகக் கார் ஆயுளைக் குறைக்கும் என்று சொல்பவர்கள் கவனிக்க!) ஆறு ஸிலிண்டர், 2,393 சி.சி. எஞ்சின், எடையோ ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல்தான். 1971-லும் 1973-லும் இதுவும் ஸஃபாரியை வென்றது. 1973-ல் ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர்.

கனமில்லாத காருக்கு ஏன் இத்தனை மகிமை? நீங்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறீர்கள் அல்லவா? அதே படியை வெறுங்கையோடு ஏறிப் பாருங்கள். ஏறுவதும் சுலபம், திரும்புவதும் சுலபம், நிற்பதும் சுலபம். எஞ்சினுக்குப் பலம் கூட்டினால் காருக்கு ஓடத்தான் அதிகம் வரும். எடையைக் குறைத்தாலோ ஓட்டம், வளைவு, பிரேக் மூன்றுமே சீர்ப்படும். பெட்ரோலும் மிச்சம். கோயமுத்தூர் கரிவர்தன் இந்த உண்மையை நம் நாட்டுக்குக் கண்கூடாகக் காட்டினார். மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சின், அதுவும் ஜப்பானிய ஸுஸுகியின் வார்ப்புதானே, அதை எடுத்து இலேசான ஒற்றை ஆசனச் சட்டத்தில் பொருத்தி 'ஃபார்முலா மாருதி' என்று பந்தயக் கார் செய்தார். அப்படிப்பட்ட காரில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் 'ஃபார்முலா ஒன்' பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இத்தனையும் கேட்டபின் பிள்ளையைக் கோபிக்க மனம் வராது. ஆனால் பழைய காரை வாங்க விடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு நமக்கு மறக்காது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்ட நாள் அது. அப்போது நகரில் நீரில் மூழ்கி நின்ற கார்கள் கணக்கற்றவை. அவற்றில் சில கழுவித் துடைத்து, பாலீஷ் போட்டு, கைமாறிக் கைமாறி இன்றும் ஓடுகின்றன. ஆகையால் கால்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். உள் நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா? ஸீட் நகரும் தண்டவாளத்தில் துரு உண்டா? முகர்ந்து பாருங்கள், ஈரத் துணி வாடை அடித்தால் விலகி விடுங்கள். புடவையில் சாயம் போகுமா என்று ஓரத்தை நனைத்துப் பார்த்து வாங்கும் உங்களுக்கு இது பெரிய காரியமில்லை. தரையிலும் சட்டத்திலும் ஏறிய துருதான் பழைய கார்களுக்கு க்ஷயரோகம். அந்த அழகி '240 இஸட்'டுக்கும் அதுவே பரம்பரை வியாதி.

வாங்கியாகிவிட்டதா? பல வருஷம் தூங்கிய எஞ்சினைச் சாவி போட்டு எழுப்பக் கூடாது. முதலில் ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் மெள்ளச் சுற்ற வேண்டும். டாங்கியில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை இறக்கிவிட வேண்டும். எஞ்சினுக்குள் ஓடும் 'டைமிங் பெல்ட்' ரப்பரால் ஆனது. ஓடும்போது அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்து மொத்தச் செலவாகிவிடும். ஆகையால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே மேல். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சுபாவம் உள்ளது. அதையும் ரப்பர் குழாய்களையும் மாற்றாமல் வீதியில் இறங்க விடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 3518 என்றால் 2018-ம் வருஷம் 35-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பூ தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஊறுகாய் ஜாடியில் தேதி பார்ப்பது போல இதையும் பார்த்துவிடுங்கள்.

பிறகுதான் இளைப்பு வைத்தியம். எதைக் குறைப்பது? சக்கரத்தைக் குறைப்பதில்தான் லாபம் அதிகம். முதுகில் சுமக்கும் பாரம் வேறு, காலில் மாட்டிய பூட்ஸின் பாரம் வேறு அல்லவா? அதே அளவில் இலேசான உலோகச் சக்கரம் போட்டால் பள்ளம் மேட்டில் கார் துள்ளாமல் தரையைப் பற்றி ஓடும். டிக்கியில் அடைத்த பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி போகட்டும். முன்னால் மாட்டிய இரும்பு வேலியும் போகட்டும். அந்த வேலி கூடாது என்று 2017-லேயே மத்திய சர்க்கார் சொல்லியாயிற்று.

சிலர் எஞ்சினிலுள்ள கனமான சக்கரத்தை, 'ஃப்ளைவீல்' என்பார்கள், கடைந்து மெலிய வைக்கிறார்கள். உங்கள் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கச் சக்கரம் கனமாக இருப்பதால்தான் கால் சற்று நின்றாலும் ஊசி ஓடுகிறது. அதை மெலிய வைத்தால் சட்டென்று வேகம் பிடிக்கும். சட்டென்று நின்றும் போகும். பந்தயப் பாதைக்கு அது சரி. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூந்தமல்லி நெரிசலில் அடிக்கு அடி எஞ்சின் அணைந்தால் பின்னால் வரும் பஸ்காரர் என்ன சொல்வார் என்பதை நான் எழுதுவதற்கில்லை.

ஏர்கண்டிஷனைக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். சித்திரை மாதத்தில் அவர்களோடு ஒரு முறை போய் வாருங்கள், வாதம் அதோடு தீர்ந்துவிடும்.

தொடக் கூடாதவை உண்டு. ஸீட் பெல்ட், கதவுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு, ஸ்டெப்னி, முன் கண்ணாடி இவற்றில் ஒரு கிராம்கூடக் குறைக்க இடம் கொடுக்காதீர்கள். கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தகடு போடுவது பந்தயக்காரர் வழக்கம். தெருவுக்கு அது ஆகாது. பின் ஸீட்டைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேனே, அதுவும் சட்டப்படி சரியல்ல. பதிவுப் புத்தகத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறது! கம்பெனி செய்தனுப்பிய அமைப்பை இஷ்டம் போல மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்திருக்கிறது. மாற்றிய காருக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் சந்தேகந்தான்.

ஐம்பது வயது தாண்டிய கார் என்றால் விஷயமே வேறு. 2021-ல் வந்த விதிப்படி அதைப் புராதன வண்டியாகப் பதிவு செய்து, 'வி.ஏ.' என்ற எழுத்துள்ள நம்பர் பலகை வாங்கலாம். ஆனால் சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிய மாறுதல் இல்லாமல் பிறந்தபடி இருக்க வேண்டும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இம்மாதிரி காரியங்களுக்குத்தான் வீதியில் வரலாம். தினசரி ஆபீஸ் போக உதவாது. இளைக்க வைத்த கிழவிக்கு இங்கே இடமில்லை.

கடைசியாக ஒரு யோசனை. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுத்தி நிறுக்கும் எடை மேடைகள் இருக்கின்றன. வேலை ஆரம்பிக்குமுன் காரை அங்கே ஒரு தடவை நிறுத்துச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்தபின் இன்னொரு தடவை. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செலவழித்த பணத்துக்கு ஒரு கிலோவுக்கு எவ்வளவு விழுந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். ஆறு மாதம் பாடுபட்டு நாற்பது கிலோ குறைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் பாட்டியும் ஏறி உட்கார்ந்து, செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து வரக் கிளம்பினால், வாசலைத் தாண்டுமுன்பே அந்த நாற்பதும் திரும்பி வந்துவிடும். அப்போது அவன் முகத்தைப் பாருங்கள்!