நெறி கட்டுவது ஏன்?

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்று கேலியாகச் சொல்வார்கள். மரங்களுக்கு அது கேலி. மனித உடலுக்கோ அது உண்மை. காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. தலையில் சிரங்கு வந்தால் பிடரியிலும், பல் சொத்தையானால் தாடையின் கீழும் கட்டுகிறது. இதன் காரணம் என்ன?

இரத்த நாளங்களைப் போலவே நிணநீர் நாளங்களும் உடலெங்கும் பரவியுள்ளன. இவற்றின் வழியிலே சுமார் 600 நிணநீர்க் கணுக்கள், அவரை விதை வடிவில், சோதனைச் சாவடிகளைப் போல அமைந்துள்ளன. புண்ணிலிருந்து வரும் கிருமிகளை இவை மறிக்கின்றன. அங்கே வெள்ளணுக்கள் பெருகுவதால் கணு வீங்குகிறது. ஆகவே, பெரும்பாலும் நெறி தானே ஒரு நோயன்று, நோயின் அறிவிப்பு.

எனவே மூலத்தைக் கவனிக்க வேண்டும். சளி, தொண்டை நோவினால் வந்த நெறி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே அடங்கும். சிவந்து, வலித்து, காய்ச்சலும் கண்டால் மருத்துவர் தரும் கிருமிக்கொல்லி மருந்து தேவை. சீழ் பிடித்தால் அதை அவரே அகற்ற வேண்டும். வெந்நீர் ஒத்தடம் வலியைத் தணிக்கும். சுண்ணாம்பு தடவுவதும், பிசைவதும், சூடு போடுவதும் கேடு.

வலியில்லாத வீக்கத்தையே அதிகம் அஞ்ச வேண்டும். கழுத்திலே மாலைபோல் வரிசையாகத் தோன்றி வாரக்கணக்கில் நீடிப்பது கண்டமாலை. இது பெரும்பாலும் காசநோயே. மன்னர் கை பட்டால் இது தீரும் என்று இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நம்பினர். அறிஞர் சாமுவேல் ஜான்சனைக் குழந்தைப் பருவத்தில், 1712-இல், ஆன் அரசி தொட்டார், நோய் தீரவில்லை. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்பே உண்மை விளங்கியது.

இன்று ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதித்து நோயை அறிகின்றனர். வழக்கமாக ஆறு மாத மாத்திரைகளால் இது குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சிகிச்சையின் இடையே கட்டி சற்றுப் பெருத்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. கல்போல் இறுகிய கட்டியையும், காறை எலும்புக்கு மேலே தோன்றும் கட்டியையும் உடனே காட்ட வேண்டும். அவை புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மணமாக வேண்டிய பெண்ணின் கழுத்துக் கட்டியை முந்தானையால் மறைக்கும் வீடுகள் உண்டு. நுரையீரலைத் தாக்காமல் கழுத்தில் மட்டும் உள்ள காசநோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. மறைப்பதால் கட்டி உடைந்து ஆறாத புண்ணாகிறது. நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். இதனை நம் தெருவில் எடுத்துச் சொல்வது நம் கடமையல்லவா?